மூச்சுக்கு ஒரு முகமூடி

திருவண்ணாமலைத் தீர்த்தங்களில் முழுக்குப் போட்டுப் பழகிய பாட்டிமார் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதற்கென்று ஒரு முறை வைத்திருப்பார்கள். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கைப் பிடித்துக்கொள்வது, கண்ணை இறுக மூடுவது, வாயையும் மூடிக்கொண்டு ஒரே முங்காக முங்கி எழுவது. கண், மூக்கு, வாய் மூன்றையும் அடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போவது நம் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான்.

மூன்றையும் திறந்து வைத்துக்கொண்டு போக முடியுமா? கண் பார்க்க வேண்டும்; மூக்கு மூச்சு விட வேண்டும்; வாய் பேசக்கூட வேண்டும். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டு உள்ளே வரக் கூடாது!

முடியும். நெற்றியிலிருந்து முகவாய்க்கட்டை வரையில் முகம் முழுவதையும் மூடுகிற முகமூடி ஒன்று உண்டு. கடற்படைகளில் முக்குளிக்கும் வீரர்கள் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். பார்வைக்கு ஒரு கண்ணாடி, சுற்றிலும் ரப்பர் விளிம்பு, தலைக்குப் பின்னால் நாலைந்து வார்கள், அவ்வளவுதான். இதில் என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் இந்த மூடி இன்றைய உருவத்துக்கு வருவதற்குள் எத்தனை பேர் மயக்கம் போட்டு விழுந்திருக்கிறார்கள், எத்தனை பேருக்கு வலிப்பு வந்திருக்கிறது என்று கேட்டால் திகைத்துப் போவீர்கள். அவர்களில் ஒரு தம்பதி பிற்பாடு நம் நாட்டுக்கே வந்து நம் மனிதர்களாகிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

முதலில், சாதாரண முக்குளிப்புக் கருவியைப் பார்த்துவிடுவோம். 1943-ஆம் வருஷம் பிரான்ஸில் கூஸ்தோ என்பவரும் கான்யான் என்ற இஞ்சினீயரும் சேர்ந்து செய்த கருவியிலிருந்து வந்தது அது. முதுகில் காற்றுக் குப்பி. கண்ணையும் மூக்கையும் மூட ஒரு கண்ணாடி. வாயில் ஒரு ரப்பர்த் துண்டு. அதைப் பல்லால் கடித்துக்கொண்டு வாய் வழியாக மூச்சு விட வேண்டும். நினைவு இருக்கிற வரையில் இதில் ஒரு குறையும் இல்லை. நினைவு தப்பினால்? தாடை தளரும், ரப்பர்த் துண்டு நழுவும், அடுத்த மூச்சில் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் உள்ளே போகும்.

நம் தூத்துக்குடிப் பக்கத்தில் முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் நடந்த நாளில் முகமூடியும் கிடையாது, குப்பியும் கிடையாது. காலில் கல், இடுப்பில் கயிறு. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினால் ஒரு நிமிஷம், சற்றுக் கூடப் போனால் ஒன்றரை நிமிஷம். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் மைத்துனராக இருப்பார் என்று சொல்லுவதைக் கேட்டிருப்பீர்கள். தங்கையின் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது? கை அசங்குமா? கீழே இருப்பவர் மயங்கினாலும் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார்.

கடற்படை வீரருக்கு அந்தக் கயிறு கிடையாது. எதிரியின் துறைமுகத்துக்குள் இரவில் களவாகப் போகிறவருக்குக் கயிறு கட்ட முடியுமா? அவர் மயங்கினாலும் மூச்சு அவரை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும். முகம் முழுவதையும் மூடி, வார் போட்டு இறுக்கிவிட்டால், தாடை தளர்ந்தாலும் முகமூடி அங்கேயே இருக்கும். தோழர் ஒருவர் வந்து தூக்கும் வரையில் மூச்சு ஓடும்.

குமிழி வராத மூச்சு

சரி, நல்ல திடகாத்திரமான வாலிபர் ஏன் மயங்க வேண்டும்?

சாதாரணக் குப்பியிலிருந்து மூச்சு விட்டால் தண்ணீரின் மேல் குமிழி குமிழியாக வரும். 'இதோ இங்கே ஒரு ஆள் இருக்கிறான்' என்று எதிரிக்குத் தந்தி அடித்த மாதிரி! ஆகையால் யுத்த காலத்தில் வேறு ஒரு கருவி உபயோகமாயிற்று. விட்ட மூச்சை வெளியே விடாமல் ஒரு பைக்குள் திருப்பி, அதிலுள்ள கரியமிலவாயுவை ஒரு விதச் சுண்ணாம்பு நிறைந்த டப்பாவினால் உறிஞ்சவிட்டு, குறைந்த அளவுக்குப் புதிதாகப் பிராணவாயுவைச் சேர்த்து, மறுபடியும் மூச்சுக்குக் கொடுப்பார்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பின் ஒன்றுவிட்ட சகோதரன்தான் அந்த டப்பாவில் இருப்பது. ஒரு குமிழியும் மேலே வராது.

இந்த வித்தையில் இத்தாலியர்கள் கெட்டிக்காரர்கள். 1941 டிசம்பர் 19-ஆம் தேதி அதிகாலையில் எகிப்தின் அலெக்ஸாந்திரியா துறைமுகத்துக்குள் ஆறே ஆறு இத்தாலிய வீரர்கள், மூன்று சிறிய நீரடி வாகனங்களில் சவாரி செய்து வந்து வெடிகளைப் பொருத்தினார்கள். 'குயீன் எலிஸபெத்', 'வாலியண்ட்' என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சேதமாகித் துறைமுகத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டன. பிரிட்டிஷார் விழித்துக்கொண்டார்கள். அவர்களும் அதே மாதிரி வாகனம், அதே மாதிரி மூச்சுக் கருவி, தலையோடு கால் மூடும் ரப்பர் உடுப்பு எல்லாம் செய்தார்கள். அந்த உடுப்புக்கு வீரர்கள் வைத்த செல்லப் பெயர் 'பிசுபிசுத்த சாவு'. போட்டுக்கொள்ள எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்!

உடுப்பைவிடப் பெரிய ஆபத்து மூச்சில் இருந்தது. நம்மை உயிரோடு வைத்திருக்கும் பிராணவாயுவே ஆழத்தில் விஷமாகிவிடுகிறது.

நம் அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஏறினால் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. ஆனால் தண்ணீருக்குள் 33 அடி இறங்கினால் போதும் (ஊர்ப்புறத்தில் ஒரு நல்ல கிணற்றின் ஆழம்தான்), அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அந்த அழுத்தத்தில் சுத்தப் பிராணவாயுவை இழுத்துக்கொண்டிருந்தால், உதடு துடிக்கும், காதில் ரீங்காரம் கேட்கும், பிறகு காக்காய்வலிப்பு வந்தது போல் உடம்பு முறுக்கிக்கொள்ளும். சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமலும் வரும். வலிப்பு வந்தவர் வாயில் ரப்பர்த் துண்டு நிற்குமா?

1942 முதல் பிரிட்டிஷ் கடற்படைக்காக கென்னத் டொனால்ட் என்ற டாக்டர் இதை ஆராய்ந்தார். வீரர்களைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி எந்த ஆழத்தில் யாருக்கு எத்தனை நிமிஷத்தில் வலிப்பு வருகிறது என்று கணக்கெடுத்தார். இதில் அதிசயம் என்னவென்றால், ஒரே மனிதரை 70 அடி ஆழத்துக்கான அழுத்தத்தில் பல தடவை சோதித்தபோது, ஒரு நாள் 7 நிமிஷத்தில் உடம்பு எதிர்த்தது. வேறொரு நாள் 148 நிமிஷம் தாங்கியது! 'எனக்கு ஒன்றும் ஆகாது, நேற்று நன்றாகத்தானே இருந்தேன்' என்று யாருமே சொல்ல முடியாது. தொட்டியின் அடியில் 'ஆக்ஸிஜன் பீட்' என்று ஒரு பூதம் இருக்கிறது, அதுதான் பிடித்துக்கொள்கிறது என்று வீரர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்களாம். புளியமரத்துப் பேய் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிகிறது.

ஜிப்பாப் போட்ட பேராசிரியர்

டொனால்டுக்கு முன்பே இந்தப் பூதத்தோடு மல்லுக்கு நின்றவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். முன்னே சொன்ன தம்பதி இவரும் இவருடைய மனைவி ஹெலன் ஸ்பர்வேயும்தான்.

ஹால்டேனுக்கு இது குடும்பத் தொழில். தகப்பனார் ஜான் ஸ்காட் ஹால்டேன், ஆழத்திலிருந்து மேலே வரும் முக்குளிப்பவர் எவ்வளவு நிதானமாக வர வேண்டும் என்பதற்கு முதல் அட்டவணை போட்டவர். அதற்கு முதலில் உதவியவை வெள்ளாடுகள், பிறகு மனிதர்கள். 1906-இல் ஸ்காட்லாந்துக் கடலில் அந்தச் சோதனை நடந்தபோது, 13 வயதுப் பையனான ஹால்டேனையும் முக்குளிப்பு உடுப்புக்குள் போட்டுக் கீழே இறக்கிவிட்டார் தகப்பனார். பெரியவர்களுக்குத் தைத்த உடுப்பு. பையனின் மணிக்கட்டில் பட்டை இறுகவில்லை. தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. பையன் பதறாமல் வேலையை முடித்துக்கொண்டு மேலே வந்தான். (தாயார் அன்று கரையில் இருந்திருந்தால் தகப்பனார் என்ன பாடு பட்டிருப்பாரோ!) அளவு பொருந்தாத உடுப்பு என்ற இந்தச் சின்ன விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

1939 ஜூன் 1-ஆம் தேதி 'தெட்டிஸ்' என்ற புதிய பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் அருகே வெள்ளோட்டத்தின்போது மூழ்கியது. மாலுமிகளோடு கப்பல் கட்டிய தொழிலாளர்களும் சேர்ந்து 103 பேர் உள்ளே இருந்தார்கள். தப்பியவர் நாலே பேர். மற்ற 99 பேரும் போனதற்கு முக்கியக் காரணம், அடைபட்ட இடத்தில் அவர்கள் விட்ட மூச்சிலிருந்தே சேர்ந்த கரியமிலவாயு. தொழிலாளர் சங்கத்தார் ஹால்டேனிடம் போய், 'எங்கள் ஆட்கள் எப்படிச் செத்தார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்' என்றார்கள்.

அவர் ஏடுகளைப் புரட்டவில்லை. லண்டனில் முக்குளிப்புக் கருவிகள் செய்யும் ஸீப் கார்மன் கம்பெனியின் இரும்பு அறைக்குள் தாமே போய் உட்கார்ந்து கதவை மூடச் சொன்னார். 14 மணி நேரத்துக்கும் மேலாக, தாம் விட்ட மூச்சையே தாம் இழுத்துக்கொண்டு, தலைவலியும் திணறலுமாக உள்ளே இருந்தார்.

யுத்தம் வந்த பிறகு அதே வேலை கடற்படைக்காகத் தொடர்ந்தது. அழுத்த அறைக்குள் ஹால்டேன் போனார், ஹெலன் போனார், அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தின் மற்றப் பெண்களும் போனார்கள். கவனியுங்கள், அவர்கள் போர் வீராங்கனைகள் அல்ல. உயிரியல் படித்த விஞ்ஞானிகள். வெளியே லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. உள்ளே இவர்கள் எந்த வாயு எந்த அழுத்தத்தில் என்ன செய்கிறது என்று தங்கள் உடம்பிலேயே எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிராணவாயு வலிப்பு ஒன்றில் ஹால்டேனின் முதுகெலும்பு நசுங்கியது. ஆயுள் முழுவதும் அந்த வலி அவரை விடவில்லை.

அவர்தாம் 1957-இல் மனைவியோடு கல்கத்தாவுக்கு வந்து, மஹலநோபிஸின் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். இந்திய உடை, மரக்கறி உணவு, இந்தியப் பிரஜை என்று மாறிப் போனார். 1964 டிசம்பர் 1-ஆம் தேதி புவனேசுவரத்தில் காலமானார். உடம்பையும் வீணாக்கவில்லை; அவருடைய விருப்பப்படி அது காக்கிநாடா வைத்தியக் கல்லூரிக்குப் போயிற்று. ஹெலன் இங்கேயே தங்கி, 1978-இல் ஹைதராபாத்தில் கண்ணை மூடினார்.

முகமூடிக்குப் பரீட்சை

மயங்கினாலும் மூச்சு ஓட முழு முகமூடி வேண்டும் என்று சொல்லிவிட்டோம். ஆனால் முகம் முழுவதையும் மூடினால் ஒரு புதுத் தொல்லை வருகிறது. சித்திரை வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயைத் திறந்திருக்கிறீர்கள் அல்லவா? முதலில் வருவது எது? குழாய்க்குள் தங்கியிருந்த வெந்நீர். அது வடிந்த பிறகுதான் நல்ல தண்ணீர். மூச்சும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர் காற்று இழுக்கிறோம். அதில் 150 மில்லி லிட்டர் அளவு தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் தங்கிவிட்ட பழைய மூச்சு. முகத்தின் மேல் ஒரு பெரிய கூண்டை மாட்டினால், அந்தக் கூண்டுக்குள்ளும் பழைய மூச்சு தங்கும். விட்ட கரியமிலவாயுவையே மறுபடியும் மறுபடியும் இழுக்க நேரும். தெட்டிஸ் கப்பலில் நடந்தது ஒருவர் முகத்துக்குள்ளேயே நடக்கும்!

இதற்குப் பரிகாரமாக, பெரிய மூடிக்குள் மூக்கையும் வாயையும் மட்டும் கவிகிற ஒரு சிறு ரப்பர்க் கிண்ணம் வைத்தார்கள். புதுக் காற்று கண்ணாடியைத் தடவிக்கொண்டு கிண்ணத்துக்குள் வரும். விட்ட மூச்சு கிண்ணத்திலிருந்து நேரே வெளியே போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: கரியமிலவாயுவும் தேங்காது, கண்ணாடியிலும் ஆவி படியாது. (சாதாரணக் கண்ணாடி போட்டு முக்குளிப்பவர்கள் ஆவிக்கு இன்றும் செய்யும் வைத்தியம், உள்பக்கத்தில் எச்சில் தடவுவது!)

புது மாதிரி முகமூடி ஒன்று வந்தால் எடுத்த எடுப்பில் மனிதர் முகத்தில் மாட்டிவிட மாட்டார்கள். அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்புப் பரிசோதனை நிலையம் 1927-இல் வாஷிங்டனில் அமைந்து, 1975-இல் ஃப்ளோரிடாவுக்குப் போயிற்று. அங்கே முதலில் ஒரு பொம்மைத் தலைக்கு மூடியை மாட்டி, அழுத்தத் தொட்டிக்குள் வைத்து, இயந்திரத்தால் மூச்சு விட வைப்பார்கள். அது நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் என்று அலுக்காமல் மூச்சு விடும். எத்தனை சக்தி செலவாகிறது, கரியமிலவாயு எவ்வளவு தங்குகிறது என்று அளப்பார்கள். அதில் தேறினால்தான் மனிதர். அவரைத் தண்ணீருக்கு அடியில் சைக்கிள் மிதிக்கச் சொல்வார்கள்! போகாத சைக்கிள்தான், ஆனால் மிதிக்கிறவருக்கு மலை ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கும். வேண்டுமென்றே மூடிக்குள் தண்ணீரை விட்டு, அவர் அதை வெளியேற்றுகிறாரா என்று பார்ப்பார்கள். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டுமே, முகம் முழுவதும் மூடியிருந்தால் மூக்கை எப்படிப் பிடிப்பது? அதற்காக உள்ளே இரண்டு சிறு ரப்பர் மெத்தைகள் வைத்திருப்பார்கள். மூடியை அழுத்தினால் மூக்குத் துவாரம் அடைபடும்.

எல்லாவற்றிலும் பெரிய பரீட்சை அந்த ரப்பர் விளிம்புக்குத்தான். முகத்தோடு அது ஒட்டினால் உண்டு, ஒட்டாவிட்டால் இல்லை. இரண்டு நாள் தாடி போதும், தண்ணீர் கசிய. மூக்குக்கண்ணாடியின் காம்பு போதும். ஒட்டிய கன்னம், அகன்ற நெற்றி, கூர்மையான முகவாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. இந்த மாதிரி மூடிகள் வெகு காலம் வரையில் பட்டாளத்து ஆண்களின் முகத்தை அளந்தே செய்யப்பட்டு வந்தன. பெண்களின் முகமும் சின்ன முகங்களும் அளவு நாடாவுக்குள் வந்தது பிற்பாடுதான். ரவிக்கையைக்கூட அளவு எடுக்காமல் தைக்கக் கொடுக்கமாட்டோம். மூச்சு விஷயத்தில் இத்தனை நாள் அலட்சியம் செய்திருக்கிறார்கள்!

நம் கடற்படைக்கும் முக்குளிப்புப் பள்ளி இருக்கிறது, கொச்சியில். அந்த வேலை எப்படிப்பட்டது என்பது 2013 ஆகஸ்டு 14-ஆம் தேதி 'சிந்துரக்ஷக்' நீர்மூழ்கிக் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்து மூழ்கியபோது நாடு முழுவதற்கும் தெரிந்தது. உள்ளே 18 பேர். எண்ணெயும் சேறும் கலந்து, கை வைத்த இடம் தெரியாத இருட்டு. வெடித்த சூடு தணியாத தண்ணீர். உருகி வளைந்த இரும்பு. அதற்குள்தான் நம் வீரர்கள் தடவித் தடவிப் போனார்கள். யாரையும் உயிரோடு மீட்க முடியவில்லை.

குகைக்குள் பதின்மூன்று பேர்

யுத்தத்துக்காகப் பிறந்த முழு முகமூடி, யுத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. 2018 ஜூன் 23-ஆம் தேதி தாய்லாந்தில் தாம் லுவாங் என்ற குகைக்குள் பன்னிரண்டு பையன்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் போனார்கள். வயது 11 முதல் 16 வரை. மழை வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. ஜூலை 2-ஆம் தேதி இரண்டு பிரிட்டிஷ் முக்குளிப்பவர்கள் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் இறைக்கும் யோசனை சொல்ல நம் நாட்டுக் கிர்லோஸ்கர் கம்பெனியின் நிபுணர்களும் போனார்கள். ஜூலை 6-ஆம் தேதி, காற்றுக் குப்பிகளை வைத்துவிட்டுத் திரும்பிய ஸமன் குனன் என்ற முன்னாள் கடற்படை வீரர் தண்ணீருக்குள்ளேயே உயிர் விட்டார். அவ்வளவு பழகியவருக்கே அந்தக் கதி. அந்தப் பையன்களை எப்படிக் கொண்டுவருவது?

விழித்திருக்கும் பையன் இருட்டுத் தண்ணீரில் நிச்சயம் பதறுவான். பதறினால் அவனும் போவான், கூட்டி வருகிறவரும் போவார். ஆகவே தூங்க வைத்துக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. தூங்குகிற பிள்ளை வாயில் ரப்பர்த் துண்டைக் கடித்துக்கொண்டிருக்குமா? முழு முகமூடி ஒன்றே வழி. அதுவும், உள்ளே காற்றின் அழுத்தம் வெளித் தண்ணீரைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும் மாதிரி. விளிம்பில் இடைவெளி இருந்தால் காற்று வெளியே போகுமே தவிர, தண்ணீர் உள்ளே வராது.

இங்கேதான் அந்தப் பழைய மணிக்கட்டுப் பட்டைத் தொல்லை மறுபடியும் வந்தது. மூடிகள் பெரியவர்களுடையவை. முகங்கள் குழந்தைகளுடையவை. பட்டினியால் அவையும் வற்றிப் போயிருந்தன. பொருந்தக்கூடிய மூடிகள் விரல் விட்டு எண்ணும்படிதான் கிடைத்தன. பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் நீச்சல் குளத்தில், அதே வயதுள்ள உள்ளூர்ப் பையன்களுக்கு மூடியை மாட்டி, வாரை எவ்வளவு இறுக்கலாம், கசிகிறதா என்று பரீட்சை பார்த்தார்கள். அந்தப் பையன்களைக் குளத்துக்கு அனுப்பிய தாய்மார்களை நினைத்தால் எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஜூலை 8, 9, 10 மூன்று நாட்களிலும் நாலு, நாலு, ஐந்து பேராக வெளியே கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலிய டாக்டர் ரிச்சர்ட் ஹாரிஸ் ஒவ்வொரு பையனுக்கும் மயக்க மருந்து கொடுப்பார். முகமூடி மாட்டுவார்கள். வழியில் விழித்துக்கொண்டு மூடியைப் பிய்த்துவிடாமல் இருக்கக் கைகளைப் பின்னால் கட்டுவார்கள். பிறகு பையனின் முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கி, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று குமிழிகளை எண்ணிப் பார்ப்பார்கள். முக்குளிப்பவர் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு இருட்டுக்குள் போவார். கடைசி நாளில் மிகவும் சின்னப் பையன் ஒருவன் முகத்துக்கு அந்த மூடி பொருந்தவே இல்லை; வேறொரு சிறிய மூடியை மாட்டி, விளிம்பு நழுவாமல் பார்த்துக்கொண்டே வெளியே கொண்டுவந்தார்கள். பதின்மூன்று பேரும் பிழைத்தார்கள்.

கடையில் விற்கும் மூடி

விடுமுறைக்கு அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ போகிற குடும்பங்கள் இப்போது அதிகம். கடைகளிலும் ஒரு முழு முகமூடி விற்கிறார்கள். உச்சியில் கொம்பு மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். பிரான்ஸ் கம்பெனி ஒன்று 2014-இல் இதைப் பிரபலமாக்கியது. 2020-இல் கொரோனா வந்தபோது இத்தாலியில் பிரெஷியா பக்கத்தில் இதே மூடிக்கு ஒரு சிறு குழாய்த் துண்டைப் பொருத்தி, மூச்சுத் திணறும் நோயாளிகளுக்குப் பிராணவாயு கொடுக்கவும் முயன்று பார்த்தார்கள்.

ஆனால் இது கடற்படை முகமூடியின் தம்பி அல்ல, சாயல் மட்டும்தான். இதில் குப்பி இல்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் குப்புற மிதந்து மீன்களை வேடிக்கை பார்ப்பதற்கு மட்டுமே ஏற்பட்டது. இதைப் போட்டுக்கொண்டு கீழே முங்கக் கூடாது. காதை ஊதிச் சரி செய்யவும் இதில் வழியில்லை. மட்டமான சரக்கில் உள்கிண்ணமும் வால்வுகளும் சரியாக இருக்காது. பழைய மூச்சு உள்ளேயே சுற்றும். வாங்கும்போது மூடியைத் திருப்பி, மூக்கு வாய்க்கு மேல் தனிக் கிண்ணம் இருக்கிறதா, அதன் விளிம்பு பிள்ளையின் மூக்குத் தண்டோடு சரியாக ஒட்டுகிறதா என்று பாருங்கள். 'வளருகிற பிள்ளை' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பில் மூடியைக் கழற்றப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதை வீட்டுக் கூடத்திலேயே பத்துத் தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில், கை எட்டும் தூரத்தில் நீங்கள் நின்றுகொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். தலை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று பிள்ளை சொன்னால், மூடியை அப்போதே கழற்றிக் கரைக்கு அழைத்து வந்துவிடுங்கள்.